மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு வாக்களித்தவர்களிடம் கணக்குக் கேட்பது எப்படி?

கேரி நகர்வாசி (கேள்வி, 2025 இறுதியில்):

வணக்கம். வட கரோலினா மாநிலத்தின் கேரி நகரத்தில் 19 ஆண்டுகளாக வசிக்கிறேன். இந்த ஆண்டு வசந்த காலத்தில்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். ஆகவே 2026 நவம்பர் 3 அன்று நடக்கவிருக்கும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தலில்தான் என் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். அதற்கு முன் எனக்கு ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும்.

நானும் என் கணவரும் ஒரு சிறிய மளிகைக் கடை நடத்துகிறோம். இருவருக்கும் வயது அறுபதைத் தொட்டுவிட்டது. 65 வயதில் கிடைக்கும் அரசுக் காப்பீடான மெடிகேருக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நிறுவனம் தரும் காப்பீடு எங்களுக்கு இல்லாததால், ஒபாமாகேர் என்று எல்லோரும் அழைக்கும் சட்டத்தின் கீழ் அமைந்த காப்பீட்டுச் சந்தையில்தான் ஆண்டுதோறும் வாங்கி வருகிறோம். 2021-இல் வந்த கூடுதல் மானியத்தால், நடுத்தரத் திட்டத்துக்கு எங்கள் வருமானத்தில் 8.5 விழுக்காட்டுக்கு மேல் பிரீமியம் கட்ட நேர்ந்ததில்லை. அந்தக் கூடுதல் மானியம் 2025 டிசம்பரோடு முடிகிறது. இருவர் கொண்ட குடும்பத்தின் ஆண்டு வருமானம் 84,600 டாலரைத் தாண்டினால் 2026-இல் மானியமே கிடையாது. எங்கள் வருமானம் அந்தக் கோட்டுக்குச் சற்றே மேலே நிற்கிறது. வரும் ஆண்டுக்கான விலையைப் பார்த்தபோது, இப்போது கட்டுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் காட்டியது. கணவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

எங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்தை அழைத்துக் கேட்டேன். பேசிய இளைஞர் மரியாதையாகவே பேசினார். ஆனால் மானியத்துக்கு 2025 என்று முடிவு தேதி எழுதியவர்கள் எதிர்க்கட்சியினர், ஆகவே கேள்வியை அவர்களிடம் கேட்க வேண்டும் என்றார். எதிர்க்கட்சிக்காரர்களோ, நீட்டிக்க மறுப்பவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். இதற்காகவே அரசு அலுவலகங்கள் 43 நாள் முடங்கிக் கிடந்தும் மானியம் நீட்டிக்கப்படவில்லை.

தமிழ்நாட்டில் வளர்ந்த எனக்கு, சட்டத்துக்குக் கட்சிதான் பொறுப்பு என்று எண்ணியே பழக்கம். கொறடா உத்தரவை மீறினால் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே போய்விடக்கூடும் என்பதால், அங்கே ஓர் உறுப்பினரைத் தனியே நிறுத்தி ஏன் இப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்பதில் பெரிய பயனில்லை. இங்கே ஒவ்வொருவரும் தாமே வாக்களிக்கிறார். அந்த வாக்கு அவர் பெயரிலேயே பதிவாகிறது. அப்படியானால் அந்த வாக்குக்கு அவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது? காங்கிரஸ் உறுப்பினர்கள் தாங்கள் இயற்றும் மருத்துவச் சட்டத்திலிருந்து தங்களுக்கு விலக்கு அளித்துக்கொண்டார்கள் என்றும், வாழ்நாள் முழுவதும் அவர்களுக்கு மருத்துவம் இலவசம் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொட்டோமாக் கரை:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு. தவறான குற்றச்சாட்டோடு போனால் அலுவலகத்தில் இருப்பவர் அதை மறுத்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவார். உங்கள் உண்மையான கேள்வி கேட்கப்படாமலே போய்விடும். அதனால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2009-இல் செனட்டின் நிதிக் குழுவில் ஒபாமாகேர் மசோதா விவாதத்தில் இருந்தபோது, அயோவா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மக்களுக்கு எந்தச் சந்தையை உருவாக்குகிறோமோ அதே சந்தையில்தான் காங்கிரஸ் உறுப்பினர்களும் அவர்களுடைய ஊழியர்களும் காப்பீடு வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு அதை ஏற்றுக்கொண்டது. 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் அது 1312-ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. மற்ற மத்திய அரசு ஊழியர்கள் தங்கள் பழைய திட்டத்திலேயே இருக்க, காங்கிரஸ் உறுப்பினர்கள்தான் அதிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆகவே விலக்கு என்பதற்கு நேர் எதிரானதே நடந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மற்ற முதலாளிகளைப் போல அரசும் தன் ஊழியரின் பிரீமியத்தில் பெரும்பங்கைச் செலுத்தி வந்தது. தனிநபர் சந்தைக்குப் போனால் அந்தப் பங்கு என்னவாகும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 2013 அக்டோபரில் மத்திய அரசின் பணியாளர் அலுவலகம் இறுதி விதியை வெளியிட்டு, வாஷிங்டன் நகரின் சிறுதொழில் சந்தையில் வாங்கினால் அரசின் பங்கு தொடரும் என்று முடிவு செய்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் காங்கிரஸ் எப்படிச் சிறுதொழில் ஆகும் என்று லூசியானா செனட்டர் டேவிட் விட்டர் விடாமல் கேட்டார். விஸ்கான்சின் செனட்டர் ரான் ஜான்சன் 2014-இல் வழக்கே தொடர்ந்தார். இந்த விதியால் அவருக்கு என்ன பாதிப்பு என்று காட்ட முடியாததால் அது தள்ளுபடியானது.

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றது, ஒரே சட்டத்தின் கீழ் இருப்பது ஒரே சுமையைத் தாங்குவதாகாது என்பதுதான். காங்கிரஸ் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 174,000 டாலர். பிரீமியத்தில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை அரசு செலுத்துகிறது. நீங்கள் இழக்கும் மானியம் அவருடைய திட்டத்தைத் தொடுவதே இல்லை. 84,600 என்ற கோடு அவருக்குக் கிடையாது. விதிகளை அவருக்கும் பொருத்துங்கள் என்று கேட்பது நியாயமே என்றாலும், அதை மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டால் அவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். 2017 மே 4 அன்று பிரதிநிதிகள் அவையில் அதுதான் நடந்தது. ஒபாமாகேரை நீக்கும் மசோதாவில், நோயுள்ளவர்களுக்கான பாதுகாப்பைத் தளர்த்த மாநிலங்களுக்கு வழிவிட்ட ஒரு திருத்தம் இருந்தது. அதிலிருந்து காங்கிரஸ் உறுப்பினர்களின் திட்டங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. செய்தி வெளியானதும் அந்த விலக்கை நீக்கும் தனி மசோதாவை அதே நாளில் 429-க்கு 0 என்று நிறைவேற்றினார்கள். மூல மசோதாவோ 217-க்கு 213 என்று நிறைவேறியது. அது பிறகு செனட்டில் வீழ்ந்தது என்பது வேறு விஷயம். விலக்கைப் பற்றிய சீற்றம் ஒரே மாலையில் தணிக்கப்பட்டுவிட்டது. கோடிக்கணக்கானவர்களைத் தொடும் முடிவைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றது.

பழைய கணக்கர்:

மேலே எழுதிய நண்பர் சொன்னது சரி. நான் மருத்துவமனை ஒன்றின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: ஒரு மருத்துவச் சட்டத்தைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பதைத்தான். பொறுப்பிலிருந்து நழுவும் வழி பெரும்பாலும் அந்தத் தேதிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

உங்கள் மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் முதலில் இரண்டு ஆண்டுகளுக்குத் தந்தார்கள். 2022 ஆகஸ்டில் மூன்று ஆண்டுகள் நீட்டித்தார்கள். அந்த இரண்டு வாக்கெடுப்பிலும் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை என்பது உண்மை. நிரந்தரமாக்கினால் செலவு மதிப்பீடு பெரிதாகத் தெரியும் என்பதால் ஜனநாயகக் கட்சியினர் குறுகிய காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் உண்மை. முடிவு தேதி 2024 அதிபர் தேர்தலுக்கு ஓராண்டு கழித்து அமைந்தது. ஆகவே உங்களிடம் பேசிய இளைஞர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி என்னவென்றால், 2025 கோடையில் மிகப் பெரிய வரிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிய குடியரசுக் கட்சியினர், முடிவடையவிருந்த வரிச்சலுகைகளை நிரந்தரமாக்கினார்கள். முடிவடையவிருந்த இந்த மானியத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரே மேசையில் இரண்டும் இருந்தன. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது அவர்களுடைய தேர்வு. முன்னவர் எழுதிய தேதியைக் காட்டி அதை மறைக்க முடியாது.

அந்தச் சட்டம் செனட்டில் ஜூலை 1 அன்று 50-க்கு 50 என்று சமநிலையில் நின்று, துணை அதிபர் வான்ஸின் வாக்கால் நிறைவேறியது. பிரதிநிதிகள் அவையில் ஜூலை 3 அன்று 218-க்கு 214. மறுநாள் டிரம்ப் கையெழுத்திட்டார். இனி அதன் தேதிகளைப் பாருங்கள். முதியோருக்கான 6,000 டாலர் வரிக்கழிவும் டிப்ஸ் வருமானத்துக்கான கழிவும் 2025 கணக்கிலேயே தொடங்குகின்றன. 2026 வசந்தத்தில் வரிக் கணக்கு கொடுக்கும்போது கையில் தெரியும். கிராமப்புற மருத்துவமனைகளுக்கான 50 பில்லியன் டாலர் நிதி 2026-இல் தொடங்குகிறது. ஆனால் குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டைப் பெறும் பெரியவர்களில் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை மாநிலங்களுக்குக் கட்டாயமாவது 2027 ஜனவரி 1-இல். மாநிலங்கள் மருத்துவமனைகளிடம் பெறும் வரிக்கு உச்சவரம்பு படிப்படியாக இறங்கத் தொடங்குவது 2028 நிதியாண்டில். நீங்கள் வாக்களிக்கப் போவது 2026 நவம்பர் 3 அன்று. நன்மை அந்த நாளுக்கு முன்னும் துன்பம் அந்த நாளுக்குப் பின்னும் வருமாறு அடுக்கப்பட்டிருப்பதை யாரும் காணலாம்.

வட கரோலினாவுக்கு இதில் தனி அபாயம் உண்டு. உங்கள் மாநிலம் பத்தாண்டுகளுக்கு மேல் தயங்கிவிட்டு 2023 டிசம்பர் 1 அன்றுதான் மெடிக்கெய்டை மேலும் பலருக்கு விரிவாக்கியது. அதில் 6 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். மத்திய அரசின் பங்கு 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் விரிவாக்கம் முடிந்துவிடும் என்று மாநிலச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். புதிய சட்டம் அந்த 90-ஐத் தொடவில்லை. மீதிப் 10 விழுக்காட்டை மருத்துவமனைகளிடமிருந்து திரட்டும் வழியைத்தான் குறுக்குகிறது. நாளை மாநிலம் கை விரித்தால், காங்கிரஸ் உறுப்பினர் மாநிலச் சட்டமன்றத்தைக் காட்டுவார், சட்டமன்ற உறுப்பினர் வாஷிங்டனைக் காட்டுவார். இந்தச் சட்டத்தால் 2034-இல் கூடுதலாக 1 கோடிப் பேர் காப்பீடில்லாமல் இருப்பார்கள் என்று காங்கிரஸின் சொந்த நிதிநிலை அலுவலகமே மதிப்பிட்டிருக்கிறது.

இது ஒரு கட்சியின் வழக்கம் மட்டுமல்ல. ஒபாமாகேரின் மானியமும் சந்தையும் 2010-இல் சட்டமாகி 2014-இல்தான் தொடங்கின. நடுவே ஓர் அதிபர் தேர்தல் போயிற்று. விலை உயர்ந்த திட்டங்களின் மீது 40 விழுக்காடு வரி என்று அதே சட்டத்தில் எழுதி 2018 என்று தேதி வைத்தார்கள். அந்த வரி வருவாயைக் காட்டித்தான் சட்டம் தன் செலவைத் தானே ஈடுகட்டும் என்றார்கள். பிறகு தேதி 2020 ஆயிற்று, 2022 ஆயிற்று, 2019 டிசம்பரில் வரியே நீக்கப்பட்டது. ஒரு டாலர்கூட வசூலாகவில்லை. அதற்கு முன், மருத்துவர்களுக்கு மெடிகேர் தரும் கட்டணத்தைக் கட்டுப்படுத்த 1997-இல் ஒரு சூத்திரம் இயற்றினார்கள். 2003 முதல் அது கட்டணத்தைக் குறைக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் தள்ளிவைத்து, 17 முறை தள்ளிவைத்து, 2015-இல் சூத்திரத்தையே கைவிட்டார்கள். நடைமுறைப்படுத்தத் துணிவில்லாத சேமிப்பைச் சட்டத்தில் எழுதிப் பெருமை கொண்டாடியவர்களை யாரும் கேட்கவில்லை. என் மேசைக்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் வந்த தற்காலிகக் கட்டணப் பட்டியலை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

டெலவர் ஆற்றோரம்:

கணக்கர் ஐயாவின் பதிவைப் படித்தபின், 2017-இல் நான் வாழ்ந்த நியூஜெர்சி 3-ஆம் தொகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முதல் பதிலில் வந்த அந்த மாநில விலக்குத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் பிரதிநிதி டாம் மக்ஆர்தர். மே 4 வாக்கெடுப்பு முடிந்து ஆறு நாள் கழித்து வில்லிங்பரோவில் தொகுதி மக்களைச் சந்திக்கும் டவுன்ஹால் கூட்டம் ஒன்றை நடத்தினார். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நின்று, கத்தியவர்களுக்கும் அழுதவர்களுக்கும் பதில் சொன்னார். அவருடைய மசோதாவை நான் முழுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். ஆனால் வந்து நின்றாரே, அதை மதிக்கிறேன். 2018 நவம்பரில் அவர் ஆண்டி கிம்மிடம் தோற்றார். அந்த வாக்கெடுப்பில் இன்னொரு குறையும் இருந்தது: திருத்தப்பட்ட மசோதாவுக்கு நிதிநிலை அலுவலகத்தின் மதிப்பீடு வருவதற்கு முன்பே வாக்கெடுத்தார்கள். மதிப்பீடு மே 24 அன்றுதான் வந்தது, 2026-க்குள் 2.3 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீட்டை இழப்பார்கள் என்றது. விளைவு தெரிவதற்கு முன் வாக்களித்தது ஏன் என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் எவராலும் நல்ல பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் மக்களின் கோபம் எப்போதும் சரியான இடத்தில் விழுகிறது என்று நான் நம்பவில்லை. 1988-இல் மெடிகேரில் பெருநோய்ச் செலவுக்கான சட்டம் ஒன்றை ரீகன் கையெழுத்திட்டு நிறைவேற்றினார்கள். மருத்துவமனைச் செலவுக்கு வரம்பு வைத்து, மருந்துச் செலவையும் மெடிகேரில் சேர்த்த சட்டம் அது. அதற்கான பணத்தை முதியோரிடமே, வசதி உள்ளவர்களிடம் கூடுதலாக, ஆண்டுக்கு 800 டாலர் வரை திரட்டுவதாக இருந்தது. எல்லா முதியோரும் 800 டாலர் கட்ட வேண்டும் என்ற புரளி பரவியது. 1989 ஆகஸ்டில் சிகாகோவில், அவையின் வரிக் குழுத் தலைவர் டான் ராஸ்டன்கோவ்ஸ்கியை முதியவர்கள் கூடிக் காரோடு மறித்தார்கள். ஒரு பெண்மணி காரின் முன்மூடியின் மேலேயே ஏறிவிட்டார். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டத்தின் பெரும்பகுதியை நீக்கிவிட்டார்கள். மெடிகேரில் மருந்துச் செலவு மீண்டும் இடம்பெற 2006 வரை ஆயிற்று. கட்டவே தேவையில்லாத பணத்துக்காகக் கோபப்பட்ட ஏழை முதியவர்களில் பலர் 2006 வரை மருந்தைத் தங்கள் கைக்காசில் வாங்கினார்கள்.

அதேபோல் 2010-இல், ஒபாமாகேருக்கு வாக்களித்த வர்ஜீனியாவின் டாம் பெரியெல்லோ போன்றவர்கள் பதவியை இழந்தார்கள். அவர்கள் கட்சி 63 இடங்களை இழந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அதே சட்டத்தைக் காப்பாற்ற மக்கள் தெருவில் நின்றார்கள். 2025-இல் உங்கள் மாநிலத்திலேயே இன்னொன்று நடந்தது. குடியரசுக் கட்சி செனட்டர் தாம் டில்லிஸ், புதிய சட்டத்தின் மெடிக்கெய்ட் வெட்டு வட கரோலினாவைப் பாதிக்கும் என்று சொல்லி எதிர்த்து வாக்களித்தார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அவருக்கு எதிராகப் போட்டியிட விரும்புவோரைச் சந்திக்கப் போவதாக டிரம்ப் சொன்னார். மறுநாளே டில்லிஸ் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த உங்கள் மாநிலத்தின் பத்துக் குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகளோ அடுத்த தேர்தலை எதிர்கொள்வது தங்கள் கட்சிக்குச் சாதகமாக வரையப்பட்ட தொகுதிகளில். 2022-இல் இரு கட்சிக்கும் ஏழேழு இடம் கிடைத்த மாநிலத்தில், எல்லைகளை மாற்றி வரைந்தபின் 2024-இல் பத்துக்கு நான்கு ஆயிற்று. அப்படியிருக்கையில் பொதுத்தேர்தலை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்பது என் எண்ணம். உட்கட்சித் தேர்தலிலும் பங்கெடுத்தே ஆக வேண்டும்.

வேலை விசாவில் இருப்பவன்:

எனக்கு வாக்கு இல்லை. பச்சை அட்டை வரிசையில் 11 ஆண்டுகளாக நிற்கிறேன். ஆனாலும் இந்த விவாதம் என்னையும் தொடுகிறது. 2027 முதல், பச்சை அட்டை உள்ளவர்களும் வேறு சில பிரிவினரும் தவிர, என்னைப் போல் விசாவில் சட்டப்படி வாழ்பவர்களுக்குச் சந்தைக் காப்பீட்டில் மானியம் கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது. வேலை இருக்கும்வரை நிறுவனக் காப்பீடு இருக்கும். வேலை போன மாதத்தில்தான் இந்தப் பிரிவு எங்கள் வீட்டுக்குள் வரும். தம் தொகுதியில் எண்ணப்படும் எல்லோருக்கும் உறுப்பினர் பிரதிநிதிதானே? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்னையும் என் மனைவியையும் குழந்தையையும் எண்ணித்தான் தொகுதிகளைப் பங்கிடுகிறார்கள். வாக்குள்ள நீங்கள் பேசும்போது எங்களையும் சேர்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொட்டோமாக் கரை:

சகோதரிக்குச் செயல்முறையாகச் சில வார்த்தைகள். பிரதிநிதிகள் அவையின் எழுத்தர் அலுவலக இணையதளத்தில் பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு வாக்கெடுப்பும் உறுப்பினர் பெயரோடு இருக்கிறது. இறுதி வாக்கெடுப்பை மட்டும் பார்க்காதீர்கள். மசோதாவை எந்த விதிப்படி விவாதிப்பது என்ற வாக்கெடுப்பு, குழுவில் தோற்கடிக்கப்பட்ட திருத்தங்கள் ஆகியவற்றையும் பாருங்கள். மானியத்தை நீட்டிக்கும் திருத்தம் குழுவில் வந்தபோது அவர் என்ன செய்தார் என்பது இறுதி வாக்கைவிடத் தெளிவாக அவரைக் காட்டும். வாக்களித்த பிறகு அவர் செய்வதையும் கவனியுங்கள். மிசௌரி செனட்டர் ஜாஷ் ஹாலி ஜூலை 1 அன்று சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்து, அதிலுள்ள மெடிக்கெய்ட் வெட்டைத் திரும்பப் பெறும் மசோதாவை ஜூலை 15 அன்று கொண்டுவந்தார். வாக்களிக்கும்போது தெரியாத எது அந்த இரண்டு வாரத்தில் தெரிந்தது என்று அவரிடம் கேட்பது முறையான கேள்வி.

முன்கூட்டியே தெரிந்திருந்ததா என்பதுதான் பொறுப்பின் அடிப்படை என்று நான் கருதுகிறேன். வேலை நிபந்தனை என்ன செய்யும் என்பது எவருக்கும் புதிரல்ல. 2018-இல் ஆர்கன்சா மாநிலம் அதை நடைமுறைப்படுத்தியபோது, சில மாதங்களுக்குள் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் மெடிக்கெய்டை இழந்தார்கள். அவர்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் உண்டு. மாதந்தோறும் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதை அறியாமலோ பதிவு செய்ய இயலாமலோ விடுபட்டார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தும் வரை அது நடந்தது. இந்தச் சான்று கையில் இருக்கும்போதே நாடு முழுவதுக்கும் அதை விரித்தவர்கள், எதிர்பாராத விளைவு என்று பின்னாளில் சொல்ல இயலாது. இதை எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வேலை நிபந்தனைக்கான மத்திய விதிகள் 2026 ஜூன் 1-க்குள் வெளியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்போது உங்கள் கடிதத்துக்கு இன்னும் வலு இருக்கும்.

கூட்டத்தில் நேரில் கேட்பது 2025-இல் கடினமாகிவிட்டது. குடியரசுக் கட்சியின் அவைத் தேர்தல் குழுவுக்குத் தலைவராக இருக்கும் ரிச்சர்ட் ஹட்சன், உங்கள் மாநிலத்தவர்தான், மார்ச்சில் தம் உறுப்பினர்களிடம் நேரடி டவுன்ஹால் கூட்டங்களைத் தவிர்க்கச் சொன்னார். உங்கள் பிரதிநிதி எந்தக் கட்சியாக இருந்தாலும் கூட்டம் எப்போது என்று மாதம் ஒரு முறை கேளுங்கள். கூட்டம் இல்லை என்ற பதிலும் ஒரு பதிவுதான்.

பழைய கணக்கர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பதவிக்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்பதையும் பாருங்கள். மருந்துச் செலவை மெடிகேரில் சேர்த்த 2003-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்து நிறுவனங்களோடு விலை பேச மெடிகேருக்குத் தடை விதித்தது. அவையில் அதை வழிநடத்திய குழுத் தலைவர்களில் ஒருவரான பில்லி டாசின், 2005 தொடக்கத்தில் அந்த நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவராகப் போனார். தடையின் ஒரு பகுதி நீங்க 2022 வரை ஆயிற்று. ஓய்வு பெறும் உறுப்பினரை வாக்காளரால் எதுவும் செய்ய முடிவதில்லை. ஆகவே பதவியில் இருக்கும்போதே எழுதிக் கேட்க வேண்டும்.

கேரி நகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. வாட்ஸ்அப் செய்தியை எனக்கு அனுப்பிய மூன்று பேருக்கும் அது தவறு என்று எழுதிவிட்டேன்.

பிரதிநிதியின் அலுவலகத்துக்கு இன்று கடிதம் அனுப்பினேன். முடிவடையவிருந்த வரிச்சலுகைகளை நிரந்தரமாக்கிய அதே மசோதாவில் முடிவடையவிருந்த காப்பீட்டு மானியத்தை ஏன் சேர்க்கவில்லை, அதற்காக அவர் திருத்தம் எதையும் ஆதரித்தாரா என்று கேட்டிருக்கிறேன். ஆர்கன்சாவில் நடந்ததை அறிந்துதான் வேலை நிபந்தனை குறித்துத் தம் நிலைப்பாட்டை எடுத்தாரா என்று கேட்டிருக்கிறேன். 2027 ஜனவரி என்ற தேதியை யார், எந்தக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேட்டிருக்கிறேன். விசாவில் இருப்பவர்களுக்கான பிரிவைப் பற்றியும், பெயர் குறிப்பிடாமல், நம் நண்பர் சொன்னதை ஒரு பத்தியாகச் சேர்த்தேன்.

கணவரும் நானும் நேற்று இரவு உட்கார்ந்து, காப்பீடு தொடங்குமுன் நாங்களே கட்ட வேண்டிய தொகை அதிகமுள்ள வெண்கலத் திட்டத்துக்கு மாறுவது என்று முடிவு செய்தோம். அதையும் விலையோடு கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் முழுமையாக இங்கே பதிவிடுகிறேன். 30 நாளில் வராவிட்டால் மறுபடியும் அனுப்பி, அந்தத் தேதியையும் இங்கே குறிக்கிறேன்.